பேனல் விலை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல: வீட்டுச் சோலாரை எது தீர்மானிக்கிறது?

கேள்வி இதுதான்: சோலார் பேனல் விலை உலகம் முழுவதும் வீழ்ந்துவிட்டது. ஆனாலும் வளரும் நாடுகளில் ஓரிடத்தில் வீட்டுக்கு வீடு கூரையில் ஏறுகிறது. இன்னோரிடத்தில் அரசு மானியம் கொடுத்தும் நகர மறுக்கிறது. ஒரு குடும்பம் சோலார் வைப்பதா வேண்டாமா என்பதை எவை தீர்மானிக்கின்றன?

முதலில் விலையைப் பேசி முடித்துவிடலாம். 2010-க்கும் 2020-க்கும் இடையில் பேனல் விலை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. 2024-இல் ஒரு வாட் பேனல் சர்வதேசச் சந்தையில் சுமார் 10 அமெரிக்க சென்டுக்குக் கிடைத்தது. உலகின் பேனல் உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதால், கராச்சிக்குப் போகும் பெட்டியிலும் நைரோபிக்குப் போகும் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான் இருக்கிறது. வரியும் கப்பல் கூலியும் கொஞ்சம் மாறலாம். ஆனால் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகிவிட்ட ஒரு விலை, நாடுகளுக்கு இடையே உள்ள இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்காது.

என் பார்வையில் வேறுபாட்டை விளக்குவது ஆபத்துப் பகிர்வு. சோலார் வாங்கும் குடும்பம், இருபத்தைந்து ஆண்டுகளுக்கான மின்சாரத்தை ஒரே நாளில் பணம் கட்டி வாங்குகிறது. பேனல் இருபத்தைந்து ஆண்டு தாக்குப்பிடிக்கும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். ஈய அமில பேட்டரி வைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் புதிது வாங்க வேண்டும். அதற்குள் விற்றவர் கடையை மூடிவிடலாம். அரசு விதியை மாற்றலாம். குடும்பத்தின் வருமானம் குறையலாம். வீட்டையே காலி செய்ய நேரலாம். மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறவருக்கு இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை கிடையாது. அவை மின் நிறுவனத்தின் தலையில் இருக்கின்றன. ஆகவே ஒரு நாட்டில் சோலார் பரவுகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: ஒன்று, மின்வாரியத்தை நம்பியிருப்பதே சோலாரைவிடப் பெரிய ஆபத்தாகிவிட்டது, அல்லது, சோலாரின் ஆபத்துகளில் ஒரு பங்கைக் குடும்பத்தின் தோளிலிருந்து வேறு யாரோ ஏற்றுக்கொண்டார்கள். வருமானம், கல்வி, விழிப்புணர்வு, மானியம் என்று ஆய்வுகளில் வரும் காரணிகளெல்லாம் இந்த இரண்டு வழிகளில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் வேலை செய்கின்றன.

முதல் வழிக்குப் பாகிஸ்தானைவிடத் தெளிவான சான்று இல்லை. 2024-இல் மட்டும் அந்த நாடு சீனாவிலிருந்து சுமார் 17 ஜிகாவாட் பேனல்களை இறக்குமதி செய்தது. அந்நாட்டின் மின்தொகுப்புக்கு மின்சாரம் தரும் எல்லா நிலையங்களின் திறனையும் கூட்டினாலே சுமார் 46 ஜிகாவாட்தான் வரும். இந்த அலையை உருவாக்கியது பெரிய மானியத் திட்டம் எதுவும் இல்லை. ரூபாயின் மதிப்பு சரிந்தது. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மின் நிலையங்களுக்குக் கொடுத்தாக வேண்டிய நிலைக்கட்டணம் பெருகியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைகள் கட்டண உயர்வைத் தள்ளிப்போட விடவில்லை. வீட்டு மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியது. அவ்வளவு கொடுத்தும் கோடையில் மின்வெட்டு ஓயவில்லை. அதே நேரத்தில் சீனத் தொழிற்சாலைகள் தேவைக்கு மேல் உற்பத்தி செய்து விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தன. நடுத்தரக் குடும்பங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுத்தன. வங்கிக் கடன்கூடப் பெரும்பாலும் இல்லை. சேமிப்பு, நகை, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பும் பணம் ஆகியவற்றால் நடந்தது இது.

லெபனான் இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. 2019-இல் வங்கிகள் முடங்கின, மக்களின் சேமிப்பு உள்ளே சிக்கியது. 2021-இல் அரசு மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. தெருவுக்குத் தெரு இருந்த தனியார் டீசல் ஜெனரேட்டர்களின் சந்தா, எரிபொருள் மானியம் நீங்கியதும் எட்டாத உயரத்துக்குப் போனது. 2020-இல் சுமார் 100 மெகாவாட்டாக இருந்த சோலார் திறன் மூன்றே ஆண்டுகளில் ஆயிரம் மெகாவாட்டை நெருங்கியது. நைஜீரியாவில் 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 190 நைரா அளவிலிருந்து 500 நைராவுக்கு மேல் தாவியபோது, சிறு ஜெனரேட்டரை நம்பியிருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் சோலார் திடீரென்று கட்டுப்படியாகும் பொருளாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் 2023-இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் முறைவைத்து மின்வெட்டு இருந்தது. அந்த ஆண்டு அரசு பேனல் செலவில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரை வருமான வரிச் சலுகை கொடுத்தது. சலுகை உதவியிருக்கும். ஆனால் மக்களைக் கடைக்கு ஓடவைத்தது இருட்டு.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு தொழில்நுட்பச் செய்தி இருக்கிறது. பேட்டரி இல்லாமல் மின்தொகுப்போடு இணைக்கப்பட்ட சாதாரணச் சோலார் அமைப்பு, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியர்மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ளும்படி அமைக்கப்படுகிறது. மின்வெட்டிலிருந்து தப்பிக்க வாங்கியவர், நடுப்பகல் வெயிலில் மின்விசிறி சுழலாமல் நிற்பதைப் பார்க்கும்போது ஏமாந்துபோகிறார். பிறகு அவர் தெருவில் இன்னொருவர் வாங்குவது கடினம். விற்பவர் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். விற்பனை குறையும் என்று பயந்து சொல்லாமல் விடுவது பெரிய தவறு. மின்வெட்டு மிகுந்த நாடுகளில் உண்மையான விலை என்பது பேட்டரியும், மின்வெட்டின்போதும் வீட்டுக்கு மின்சாரம் தரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சேர்ந்த விலைதான். லித்தியம் பேட்டரி மலிவாகிவருவது இப்போது பேனல் விலை குறைவதைவிட முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

மின்சாரம் மலிவாகவும் ஓரளவு தடையின்றியும் கிடைக்கும் இடங்களில் கதை தலைகீழாக மாறுகிறது. இந்தியா 2022-க்குள் 40 ஜிகாவாட் கூரைச் சோலார் என்று இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிந்தபோது பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. பேனல் பற்றாக்குறையோ வெயில் பற்றாக்குறையோ அல்ல காரணம். பல மாநிலங்களில் வீட்டு மின்சாரம் அடக்க விலைக்குக் கீழே, சில அளவுவரை இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. கட்டணம் படிப்படியாக உயரும் முறை என்பதால், குறைவாகப் பயன்படுத்தும் குடும்பத்துக்குச் சோலார் போட்டு மிச்சப்படுத்த எதுவுமே இருப்பதில்லை. பெரிய வீடு, இரண்டு மூன்று ஏசி, மேல் அடுக்குக் கட்டணம் என்று இருப்பவருக்குத்தான் முதலீடு நான்கைந்து ஆண்டுகளில் திரும்புகிறது. அவரோ மின்வாரியத்துக்கு லாபம் தரும் வாடிக்கையாளர். அவர் சோலாருக்குப் போனால் வாரியத்துக்கு இழப்பு. அதனால் விண்ணப்பம் மேசைக்கு மேசை தூங்குகிறது, இருவழி மீட்டர் வரத் தாமதமாகிறது, புதிய கட்டணங்கள் முளைக்கின்றன. மின்வாரியத்தின் இந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் மக்களின் விழிப்புணர்வை மட்டும் அளக்கும் ஆய்வு, நோயாளியை விட்டுவிட்டு அவர் நிழலுக்கு நாடி பார்ப்பது போன்றது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் இந்த முடிச்சுகளில் சிலவற்றை அவிழ்க்கப் பார்க்கிறது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு, இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரே தேசிய இணையத்தளம், அடமானம் இல்லாத குறைந்த வட்டிக் கடன். மானியம் நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முந்தைய திட்டங்களைவிட இது வேகமாகப் போகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மானியம் வருவதற்கு முன் முழுப் பணத்தையோ கடனையோ குடும்பம் புரட்டியாக வேண்டும். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் முந்நூறு சதுர அடி நிழல் விழாத சொந்தக் கூரையும் வேண்டும். ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும் என்பதால் மூன்று கிலோவாட் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும். அவ்வளவு மின்சாரம் பயன்படுத்தும் குடும்பம் ஏழைக் குடும்பம் அல்ல.

இரண்டாவது வழிக்கு வருகிறேன்: ஆபத்தை வேறொருவர் சுமப்பது. கென்யாவில் 1980-களிலிருந்தே சிறு பேனல்கள் ரொக்கத்துக்கு விற்றுவந்தன. சந்தை மெதுவாக ஊர்ந்தது. 2007-இல் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்றச் சேவை வந்தது. 2011-இல் உருவான எம்-கோபா நிறுவனம் அதன்மீது ஒரு புதிய ஏற்பாட்டைக் கட்டியது. குடும்பம் ஒரு சிறிய முன்பணம் செலுத்தி, பேனல், பேட்டரி, சில விளக்குகள், கைப்பேசி சார்ஜர், ரேடியோ ஆகியவை அடங்கிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும். பிறகு நாளொன்றுக்கு 40, 50 ஷில்லிங் என்று கைப்பேசி வழியே ஏறத்தாழ ஓராண்டு கட்டும். கட்டத் தவறினால் உள்ளே இருக்கும் சிம் வழியாக நிறுவனம் அமைப்பைப் பூட்டிவிடும். பணம் வந்ததும் திறந்துவிடும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தவணையின் தாளம். மண்ணெண்ணெய்க்கும் கைப்பேசி சார்ஜ் ஏற்றவும் அந்தக் குடும்பம் ஏற்கெனவே அன்றாடம் செலவிட்ட தொகைதான் தவணையாக மாறியது. தினக்கூலிக்காரருக்கு மாதக் கடைசியில் ஒரு பெரிய தொகை கட்டுவது மலை. அதே தொகையை அன்றன்று வரும் காசிலிருந்து கட்டுவது முடிகிற காரியம். கர்நாடகத்தில் 1995-இல் தொடங்கிய செல்கோ நிறுவனமும், அதற்காக 2011-இல் மகசேசே விருது பெற்ற ஹரீஷ் ஹாண்டேயும் செய்தது இதே வேலையின் இன்னொரு வடிவம்: கிராம வங்கிகளோடு பேசி, விவசாயிக்கு அறுவடைக் காலத்தில், தெருக்கடைக்காரருக்கு அன்றாட வசூலில் என்று அவரவர் வருமானம் வரும் போக்குக்கேற்பத் தவணையை அமைத்தார்கள். வட்டி விகிதத்தைக் குறைப்பதைவிட இது பயனுள்ளது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் தவணை எல்லாவற்றையும் தீர்க்காது. ருவாண்டாவில் நடந்த ஒரு கள ஆய்வில், கிராமக் குடும்பங்கள் தங்கள் வரவுசெலவில் கணிசமான பங்கைச் சோலாருக்குக் கொடுக்க முன்வந்தாலும் அது அடக்க விலையைத் தொடவில்லை; தவணைக் காலத்தை நீட்டியும் பெரிய மாற்றம் இல்லை. கையில் இருப்பதே அவ்வளவுதான். ஆபத்தைத் தன் தோளில் ஏற்றும் நிறுவனமும் சில வேளை விழுந்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் தவணைச் சோலார் விற்ற ஜெர்மானிய நிறுவனமான மொபிசோல் 2019-இல் நொடித்துப்போய், பிரெஞ்சு நிறுவனமான எஞ்சியின் கைக்குப் போனது. டாலரிலோ யூரோவிலோ கடன் வாங்கி, சரியும் உள்ளூர் நாணயத்தில் தவணை வசூலிக்கும் தொழிலில் இந்த அபாயம் எப்போதும் இருக்கிறது. கடைசிப் பரம ஏழைகளுக்குச் சந்தை மட்டுமே மின்சாரம் கொண்டுபோகும் என்று சொல்கிறவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை.

வங்கதேசத்தின் அனுபவம் இதற்கு முழுமையான பாடம். நான் அதிகம் மதிக்கும் திட்டமும் அதுதான். 1996-இல் கிராமீன் சக்தி தொடங்கி முதல் தலைமுறைச் சந்தையை உருவாக்கியிருந்தது. 2003-இல் உலக வங்கி ஆதரவோடு இட்கோல் என்னும் அரசு நிதி நிறுவனம் வீட்டுச் சோலார் திட்டத்தைத் தொடங்கியது. இட்கோல் தானே விற்கவில்லை. கிராமங்களில் ஏற்கெனவே நுண்கடன் கொடுத்துப் பழகிய தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுத்தது. என்ன தரத்தில் பேட்டரியும் பேனலும் இருக்க வேண்டும் என்று தானே வரையறுத்துச் சோதித்தது. விற்ற நிறுவனத்தின் ஆளே தவணை வசூலிக்க வீட்டுக்கு வருவார். வரும்போது பழுதையும் பார்ப்பார். பழுது பார்க்கவில்லை என்றால் தவணை வராது. உத்தரவாதச் சீட்டில் எழுதப்படும் எந்த வாசகத்தையும்விட இந்த ஏற்பாடு வலிமையானது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், சுமார் இரண்டு கோடி மக்கள், அதுவும் ஆண்டுக்காண்டு மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்து!

2013-க்குப் பிறகு அது ஏன் சரிந்தது என்பதும் அதே அளவு கற்றுக்கொடுக்கிறது. ஒரு பக்கம் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கிராமங்களுக்கு வந்தது. மறு பக்கம் அரசின் இன்னொரு நலத்திட்டம் அதே கிராமங்களில் சோலார் அமைப்புகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கு இலவசமாக வந்ததற்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும்? புதியவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், பழையவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள், தொண்டு நிறுவனங்கள் கடனில் மூழ்கின. நல்ல எண்ணத்தில் வந்த இலவசம் ஒரு நல்ல திட்டத்தை இடித்தது. ஒரே அரசின் இரு கைகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்தால் நேர்வது இது.

மின்கம்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் தனியாகவே ஒரு காரணி. பிகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்னை கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு அந்த ஊருக்கு மட்டும் மின்சாரம் தரும் 100 கிலோவாட் சோலார் நுண்தொகுப்பு அமைத்தது. திறப்புக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊர்மக்கள் கேட்டது ‘அசல் மின்சாரம்’. குளிர்சாதனப் பெட்டியும் மின்மோட்டாரும் ஓடாத மின்சாரத்தை அவர்கள் போலி என்றே கருதினார்கள். கம்பி வந்ததும் அதற்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வும் சிறு சோலார் மண்ணெண்ணெய்ச் செலவைக் குறைத்தது என்று கண்டது. ஆனால் சேமிப்போ தொழிலோ பெருகியதாகச் சான்று கிடைக்கவில்லை. இரண்டு விளக்கும் சார்ஜரும் தருகிற வசதி உண்மையானது, அதன் எல்லையும் உண்மையானது. கூடுதலாக வாக்களித்து விற்றால் திரும்பிவருவது அவநம்பிக்கைதான்.

இனி விதிகள். வியட்நாம் கூரைச் சோலார் மின்சாரத்தை யூனிட்டுக்கு 8.38 அமெரிக்க சென்டுக்கு வாங்குவதாக அறிவித்து, 2020 டிசம்பர் 31-ஐக் கெடுவாக வைத்தது. கெடு முடிந்தபோது 9 ஜிகாவாட்டுக்கு மேல் ஏறியிருந்தது. பெரும்பகுதி தொழிற்சாலை, பண்ணைக் கூரைகள் என்றாலும் அந்த வேகம் வியக்கவைப்பது. பிறகு கொள்முதல் விலையே இல்லாமல் சந்தை உறைந்துபோனது. பிரேசில் நிதானமாகச் செய்தது. 2012-இல் நெட் மீட்டரிங், அதாவது தொகுப்புக்குக் கொடுத்த மின்சாரத்தை மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்து, பத்து ஆண்டு வளரவிட்டு, 2022 ஜனவரியில் இயற்றிய சட்டத்தில் மின்கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தைப் படிப்படியாக விதிக்கத் தொடங்கியது. ஓராண்டு அவகாசத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதி 2045 வரை தொடரும் என்றும் உறுதி கொடுத்தது. விதி மாறினாலும் ஏற்கெனவே முதலீடு செய்தவர் தண்டிக்கப்படவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பாகிஸ்தானில் 2025 மார்ச்சில் அமைச்சரவையின் பொருளாதாரக் குழு, புதிதாக இணைபவர்களிடம் உபரிச் சோலார் மின்சாரத்தை வாங்கும் விலையை யூனிட்டுக்கு 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்க ஒப்புதல் கொடுத்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகள், விற்பதை நம்பாமல் பேட்டரியில் சேமித்துக்கொள்வோம் என்று மக்களை மின்தொகுப்பிலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டு போகின்றன. இலங்கையில் 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, கூரைச் சோலார் வைத்திருந்தவர்களைப் பகலில் அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தொகுப்பைச் சமநிலையில் வைக்கும் தேவை நியாயமானது. ஆனால் அணைத்துவைக்கும் நாளுக்கான இழப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்காவிட்டால், அடுத்து வாங்க நினைப்பவர் தயங்குவார்.

வருமானம், கல்வி, அண்டைவீட்டுத் தாக்கம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருமானம் முக்கியம் என்பது வெளிப்படை. கல்வி பெரும்பாலும் கடன் விண்ணப்பத்தையும் மானியப் படிவத்தையும் கடக்கும் திறனாகவே வேலை செய்கிறது. படிவம் எளிதானால் அதன் செல்வாக்கும் குறையும். அண்டைவீட்டில் மூன்று மழைக்காலம் தாண்டி ஓடும் ஒரு சோலார், எந்த விளம்பரமும் தராத உறுதியைத் தரும். சுற்றுச்சூழல் அக்கறை இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். வாங்கும் முடிவில் அதன் பங்கு சிறியது. வீட்டில் விளக்கு, சமையலறை, குழந்தைகளின் படிப்பு என்று மின்சாரத்தை அதிகம் சார்ந்திருக்கும் பெண்ணின் கையில் பெரிய செலவை முடிவு செய்யும் அதிகாரம் இல்லாத குடும்பங்களில் சோலார் வரிசையில் பின்னுக்குப் போகிறது. ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சோலார் பழுதுபார்ப்பவர்களாகப் பயிற்றுவித்தது பழுது, நம்பிக்கை, அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் தொட்டது.

கடைசியாக, கிட்டத்தட்ட எந்த மானியத் திட்டமும் கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் இருக்கிறது: வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுக்குமாடியில் கூரை உரிமை இல்லாதவர்கள், பட்டா இல்லாத குடியிருப்புகளில் வாழ்பவர்கள். வளரும் நாடுகளின் நகரங்களில் இவர்கள் சிறு எண்ணிக்கை அல்ல. வீட்டுக்காரர் முதலீடு செய்தால் மிச்சமாவது குடியிருப்பவரின் மின்கட்டணம். குடியிருப்பவர் முதலீடு செய்தால் காலி செய்யும்போது பேனலைப் பெயர்த்துக்கொண்டா போவார்? இதற்குத் தொழில்நுட்ப வழி இருக்கிறது. பிரேசில் 2015-இல் விதியைத் திருத்தி, வேறோர் இடத்தில் பலர் கூட்டாக அமைக்கும் சோலாரின் உற்பத்தியை அவரவர் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. கூரை இல்லாதவரும் ஒரு பங்கு வாங்கலாம். வீடு மாறினால் அதே மின் விநியோக நிறுவனத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை பங்கும் கூடவே வரும். இந்தியாவில் சில மாநிலங்களின் விதிகளில் இதே ஏற்பாடு மெய்நிகர் நெட் மீட்டரிங் என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. அதை ஏட்டிலிருந்து மின்கட்டணச் சீட்டுக்குக் கொண்டுவர வேண்டியவை மின் விநியோக நிறுவனங்கள்.